பறவைக் காய்ச்சல்: வாத்துலேர்ந்து மாடு வரைக்கும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளாவுலயோ ஆந்திராவுலயோ பறவைக் காய்ச்சல்னு நியூஸ் வந்தா போதும், அன்னிக்கே வாட்ஸ்அப்ல ஆரம்பிச்சிடும், சிக்கன் சாப்பிடாதீங்க முட்டையத் தொடாதீங்கன்னு. கறிக்கடையில வெலை எறங்கும், ரெண்டு வாரத்துல எல்லாரும் மறந்துடுவாங்க, அடுத்த வருசம் திரும்பவும் அதே கேள்விங்க. சாப்பாட்டுத் தட்டப் பாத்து பயப்படறதுல பாதி பயத்த உயிர்க்கோழி சந்தை மேலயும் செத்த கோழிய கையால தூக்கறது மேலயும் காட்டினா பிரயோஜனமா இருக்கும்ங்கறதுதான் என்னோட எண்ணம். எதுக்கு அப்படி சொல்றேன்னு கீழ படிச்சா புரியும்.

மொதல்ல இதச் சொல்லுங்க, சிக்கன் சாப்பிடலாமா வேணாமா?

சாப்பிடலாம், நல்லா வெந்திருக்கணும் அவ்ளோதான். கறியோட உள்பக்கம் வரைக்கும் 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிட்டா வைரஸ் செத்துடும், நம்மூர்ல கொழம்பு கொதிக்கிற கொதிக்கு அதெல்லாம் எப்பவோ தாண்டிடும். சிக்கல் எல்லாம் வேகறதுக்கு முன்னாடி இருக்கற வேலையிலதான் இருக்கு. உயிரோட இருக்கறத புடிக்கிறது, அறுக்கறது, றெக்க பிடுங்கறது, கொடல் எடுக்கறது, அந்த நேரத்துல தெறிக்கற தண்ணியும் பறக்கற தூசும். சீக்கு வந்த கோழியா இருந்தா அங்கதான் ஆபத்து. 2025 மார்ச்ல ஆந்திராவுல ஒரு சின்னக் கொழந்தை இதுல இறந்துச்சு, வீட்ல கறி நறுக்கும்போது பச்சைக் கறித்துண்ட வாயில போட்டதா செய்தி வந்துச்சு. வியட்நாம்ல பச்சை வாத்து ரத்தத்துல ஒரு பதார்த்தம் பண்ணுவாங்க, அத சாப்பிட்டும் வந்திருக்கு.

ஆஃப்பாயில்?

நோய் வந்த கோழி போடற முட்டைக்குள்ளயும் வைரஸ் இருக்கலாம், மஞ்சக்கரு கெட்டியாகற வரைக்கும் வெந்தா பயமில்ல. பக்கத்துல எங்கயாவது நோய் இருக்கறப்ப மட்டும் ஆஃப்பாயிலுக்கு லீவு விட்டுட்டு ஃபுல்பாயில் சாப்பிடுங்க, அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல.

இந்த வைரஸ் எங்கேர்ந்துதான் வந்துச்சு?

காட்டு வாத்து, கடல்காகம், உள்ளான் மாதிரி தண்ணிப் பறவைங்ககிட்ட இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸ் ரொம்ப காலமா இருக்கு. வாத்தோட கொடல்ல பெருகும், எச்சத்துல வெளிய வரும், அந்தக் கொளத்துத் தண்ணிய குடிக்கிற அடுத்த வாத்துக்குப் போகும், வாத்துக்கு பெருசா ஒண்ணும் ஆகாது. தண்ணி குளிர்ச்சியா இருந்தா வாரக்கணக்குல தாக்குப் பிடிக்கும்.

கோழி கொத்து கொத்தா சாகற நோய்னு இத மொதல்ல எழுதி வச்சது 1878ல இத்தாலியில, பெரோன்சிட்டோங்கறவர். அப்ப அதுக்கு பேரு கோழி பிளேக். அது ஒரு இன்ஃப்ளுயன்சா வைரஸ்னு கண்டுபிடிக்க 1955 ஆயிடுச்சு. அதுக்கு அப்புறமும் ரொம்ப வருசம் இது கோழி டாக்டருங்க பிரச்சனையாதான் இருந்துச்சு, மனுச டாக்டருங்க யாரும் திரும்பிக்கூட பாக்கல.

எச்5என்1, எச்9என்2, எச்7என்9னு என்னென்னமோ சொல்றாங்களே, அதெல்லாம் என்ன?

வைரஸ் மேல ரெண்டு புரதம் முள்ளு முள்ளா நீட்டிட்டு இருக்கும். எச்ங்கறது செல்லுல ஒட்டி உள்ள நொழையறதுக்கு, என்ங்கறது பெருகின வைரஸ் செல்ல விட்டு கழண்டு வெளிய வர்றதுக்கு. பறவைங்ககிட்ட எச் 1லேர்ந்து 16 வரைக்கும், என் 1லேர்ந்து 9 வரைக்கும் ரொம்ப காலமா தெரிஞ்ச வகைங்க. வௌவால்கிட்ட தனியா சிலது இருக்கு. எந்த எச்சும் எந்த என்னும் சேந்திருக்குங்கறதுதான் பேரு.

பேரு ஒண்ணா இருந்தா வைரஸும் ஒண்ணுன்னு நெனச்சுக்காதீங்க. 1959ல ஸ்காட்லாந்துல கோழிங்க ஒரு எச்5என்1ல செத்துச்சு, இப்ப உலகத்தையே சுத்தற எச்5என்1க்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் கெடையாது. இப்ப சுத்தறதோட மூதாதை 1996ல தெற்கு சீனாவுல குவாங்டாங்ல ஒரு பண்ணை வாத்துகிட்டேர்ந்து எடுத்தது, பெருவாத்துன்னு சொல்லுவோமே அந்த வகை. முப்பது வருசமா நம்ம படிக்கிற எச்5என்1 செய்தியில பெரும்பாலும் வர்றது அதோட வாரிசுங்கதான்.

வாத்து நல்லா இருக்கு, கோழி மட்டும் ஏன் பொத்து பொத்துன்னு சாகுது?

இதுதான் இந்த விஷயத்துலயே எனக்கு ரொம்ப சுவாரசியமான எடம், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

எச் புரதம் அப்படியே வேலை செய்யாது, நடுவுல ஒரு எடத்துல வெட்டுப்பட்டாதான் செல்லுக்குள்ள நொழைய முடியும். வெட்டறதுக்கு வேண்டிய கத்திரி வைரஸ்கிட்ட கெடையாது, உடம்புல இருக்கற என்சைம்தான் வெட்டணும். சாதாரண வைரஸோட வெட்டற எடத்த வெட்டற என்சைம் கொடல்லயும் மூச்சுக்குழாய்லயும் மட்டும்தான் இருக்கும், அதனால நோய் அங்கயே நின்னுடும், முட்டை கொஞ்சம் கொறையும், லேசா சளி இருக்கும், அவ்ளோதான். இந்த எச்5, எச்7 ரெண்டுக்கும் ஒரு கெட்ட பழக்கம் இருக்கு, கோழிகிட்ட பெருகிட்டு இருக்கும்போதே அந்த வெட்டற எடத்துல கூடுதலா சில அமினோ அமிலங்க சேந்துடும். அப்படி சேந்துட்டா உடம்பு முழுக்க எல்லா உறுப்புலயும் இருக்கற ஃபியூரின்ங்கற என்சைமே வெட்டிக் குடுத்துடும். மூளை, இதயம், கணையம்னு ஒரு எடம் பாக்கி இல்லாம போயிடும், ரெண்டே நாள்ல ஷெட்டு காலி.

இந்த மாற்றம் காட்டுல அவ்வளவா நடக்காது. அடைச்சு வச்ச ஆயிரக்கணக்கான கோழிக்கு நடுவுல வைரஸ் மாசக்கணக்குல சுத்தும்போதுதான் நடக்குது. அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல 1983ல இது கண்ணு முன்னாடியே நடந்துச்சு, ஏப்ரல்ல சாதாரண எச்5என்2வா வந்தது, அக்டோபர்ல கொல்ற வைரஸா மாறிடுச்சு, அத அடக்க 1 கோடியே 70 லட்சம் பறவைங்கள அழிக்க வேண்டியதாச்சு. ஆக கோழிய கொல்ற அந்த வைரஸ் காட்டுப் பறவை கொண்டுவந்து போட்டதுன்னு பழிய அது மேல போட முடியாது, கச்சாப் பொருள குடுத்தது அது, கொலகாரனா ஆக்கினது நம்ம பண்ணைங்க.

மனுசனுக்கு மொதல்ல வந்தது எப்போ?

இந்த வம்சத்துல, 1997 ஹாங்காங். மே மாசம் 3 வயசுப் பையன் ஒருத்தன் நிமோனியாவுல இறந்துபோறான், அவன்கிட்டேர்ந்து எடுத்த வைரஸ் எந்த மனுச ஃப்ளூவோடயும் ஒத்துப்போகல. நெதர்லாந்து, லண்டன், அட்லாண்டான்னு சாம்பிள் போய், ஆகஸ்ட்லதான் அது எச்5என்1னு உறுதியாச்சு. பறவை வைரஸ் நேரா மனுசனுக்கு வந்து உயிர எடுக்கும்னு அதுக்கு முன்னாடி பெரும்பாலானவங்க நம்பவே இல்ல. லேப்ல ஏதோ கலந்துடுச்சோன்னு கூட சந்தேகப்பட்டாங்க. அப்புறம் நவம்பர், டிசம்பர்ல ஒண்ணு மாத்தி ஒண்ணா கேஸ் வர ஆரம்பிச்சுது, மொத்தம் 18 பேர், அதுல 6 பேர் இறந்துட்டாங்க.

அந்த ஊர் கோழி மார்க்கெட்ட மனசுல நெனச்சுப் பாருங்க. கூண்டு மேல கூண்டு, மேல காடை, கீழ கோழி, பக்கத்துல பெருவாத்து, மேல இருக்கறதோட எச்சம் கீழ இருக்கறது மேல விழுது, விக்காதது அங்கயே ராத்திரி தங்குது, மறுநாள் காலையில புது லோடு வந்து அதுகூட சேருது. வைரஸுக்கு இதவிட என்ன வேணும். சோதனை பண்ணிப் பாத்தா மார்க்கெட் கோழியில அஞ்சுல ஒண்ணுகிட்ட வைரஸ் இருந்துச்சு. டிசம்பர் 29ஆம் தேதி ஆரம்பிச்சு சில நாள்ல ஹாங்காங்ல இருந்த 13 லட்சத்துக்கு மேலான கோழிகள மொத்தமா அழிச்சாங்க, அதோட மனுச கேஸும் நின்னுபோச்சு. அப்ப அங்க சுகாதாரத் துறை இயக்குநரா இருந்த மார்கரெட் சான்தான் பின்னாடி உலக சுகாதார நிறுவனத்துக்கே தலைவரானாங்க. அதுக்கப்புறம் மார்க்கெட்டுல வாத்த தனியா பிரிச்சாங்க, காடை விக்கறத தடை பண்ணாங்க, மாசத்துல சில நாள் கடைய காலி பண்ணி கழுவணும்னாங்க, கடைசியா 2008ல உயிர்க்கோழி ராத்திரி தங்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஒவ்வொண்ணும் சின்ன விஷயம்தான், ஆனா கேட்டுச்சு.

ஒரு வைரஸ்கிட்டேர்ந்து இன்னொண்ணு எப்படி பொறக்குது?

இன்ஃப்ளுயன்சாவோட மரபணு ஒரே நூலா இருக்காது, 8 துண்டா இருக்கும். ஒரே கோழியோட ஒரே செல்லுக்குள்ள ரெண்டு வேற வேற வைரஸ் நொழஞ்சுட்டா ரெண்டு சீட்டுக்கட்ட ஒண்ணா போட்டு கலச்சு புதுசா 8 சீட்டு எடுக்கற மாதிரிதான், எது எதுகூட வரும்னு சொல்லவே முடியாது. ஹாங்காங் வைரஸே அப்படித்தான் வந்துச்சு, எச் துண்டு குவாங்டாங் பெருவாத்துகிட்டேர்ந்து, உள்பக்க துண்டுங்க காடைகிட்ட சுத்திட்டு இருந்த எச்9என்2 மாதிரி வைரஸ்கள்லேர்ந்து. 1957லயும் 1968லயும் உலகம் பூரா பரவின ஃப்ளூ ரெண்டும் மனுச வைரஸும் பறவை வைரஸும் இப்படி கலந்து வந்ததுதான். இது போக ஒவ்வொரு தடவ நகல் எடுக்கும்போதும் எழுத்துப்பிழை வேற வரும், அத திருத்தற ஏற்பாடு இந்த வைரஸ்கிட்ட கெடையாது.

அங்கேர்ந்து உலகம் முழுக்க பரப்பினது காட்டுப் பறவையா, கோழி வியாபாரமா?

ரெண்டும். எந்த எடத்துல எதுங்கறதுதான் சண்டை. 2003, 2004ல தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியான்னு பரவினதுல வியாபாரத்துக்கும் வாத்து மேய்ச்சலுக்கும் பெரிய பங்கு. தாய்லாந்துல நெல் அறுத்த வயல்ல வாத்துங்கள ஓட்டிட்டு ஊர் ஊரா போவாங்க, அந்த வாத்து நல்லா நடந்துட்டே வைரஸ போட்டுட்டுப் போகும், பின்னாடியே அந்த ஊர்க் கோழி சாகும். நம்ம ஊர்லயும் வயல்ல வாத்து மேய்க்கிறவங்க இருக்காங்க, கேரளாவுல குட்டநாட்டுலயும் அதே கதைதான்.

2005 மே மாசம் கதை மாறிடுச்சு. சீனாவுல சிங்ஹாய் ஏரியில 6000க்கு மேல காட்டுப் பறவைங்க செத்து ஒதுங்குச்சு, நெறைய வரித்தலை வாத்துங்க. இமயமலைய தாண்டி பறக்குமே அதே பறவைதான், மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு குளிர்காலத்துக்கு நம்ம திருநெல்வேலி கூந்தன்குளம் வரைக்கும் வரும். பண்ணையில கொலகாரனா மாறின வைரஸ் திரும்ப காட்டுப் பறவைக்கே போயிடுச்சு, அதோட றெக்கையில ஏறி ஒரே வருசத்துல ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியான்னு போய்ச் சேந்துச்சு.

2020க்கு அப்புறம் வந்த கிளை, 2.3.4.4பின்னு எண் போட்டு சொல்லுவாங்க, அது இன்னும் மோசம். 2021 கடைசியில அட்லாண்டிக்க தாண்டி கனடாவுல நியூஃபவுண்ட்லாந்து, 2022ல அமெரிக்கா முழுக்க, அதே வருசக் கடைசியில பெரு, சிலி, 2023 அக்டோபர்ல அண்டார்டிகா பக்கம் சவுத் ஜார்ஜியா தீவு. முன்னெல்லாம் வெயில் வந்தா கொறையும், இது வருசம் பூரா இருக்கு.

இந்தியாவுக்கு எப்போ வந்துச்சு?

2006 பிப்ரவரி, மகாராஷ்டிராவுல நந்துர்பார் மாவட்டம் நவாபூர். அந்த ஊர் முழுக்க கோழிப் பண்ணைதான். மொதல்ல சாதாரண ராணிகெட், அதாவது வெள்ளக்கழிச்சல்னு சொல்லிட்டு இருந்தாங்க, போபால்ல இருக்கற உயர் பாதுகாப்பு லேப்ல எச்5என்1னு உறுதியாச்சு. பெருசா அடிச்சது 2008 மேற்கு வங்காளம், 40 லட்சம் பக்கம் பறவைங்கள அழிச்சாங்க. அங்க பண்ணைய விட வீட்டுக் கொல்லையில வளக்கற கோழிதான் அதிகம், நாலஞ்சு கோழிதான் வீட்டுக்கே சேமிப்பு, அத புடிச்சுட்டுப் போய் கொல்ல ஆள் வந்தா யார் காட்டிக் குடுப்பா, கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சாங்க.

அப்புறம் 2014ல ஆலப்புழை, கோட்டயம் பக்கம் குட்டநாட்டு வாத்து, 2016லயும் 2021லயும் எச்5என்8, 2020 கடைசியில இமாச்சல் போங் அணையில ஆயிரக்கணக்குல வரித்தலை வாத்து, அதே சமயம் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்துல காக்கா. இந்தியாவுல எச்5என்1 வந்து மனுசன் இறந்ததா மொதல்ல பதிவானது 2021 ஜூலையில, ஹரியானாவச் சேந்த 11 வயசுப் பையன்.

கேரளாவுல வந்தா நாமக்கல்ல ஏன் பதறுறாங்க?

தினமும் கோடிக்கணக்குல முட்டை வெளிய போற ஊருங்க அது, ஒரு பண்ணையில உறுதியானா கூட ஏத்துமதி அப்படியே நிக்கும். அதனாலதான் வாளையார் மாதிரி செக்போஸ்ட்ல கேரளாவுலேர்ந்து வர்ற வண்டி டயருக்கெல்லாம் மருந்தடிச்சு விடறாங்க, கோழி, முட்டை, தீவன வண்டிய திருப்பி அனுப்பறாங்க. டயருக்கு மட்டும் அடிச்சா போதுமான்னு கேட்டா போதாது, டிரைவரோட செருப்பு, கழுவாம வர்ற முட்டை அட்டை, காலி கூண்டு, இதுங்கதான் நெஜமாவே வைரஸ ஊர் ஊரா கூட்டிட்டுப் போறது.

பண்ணையில வந்துட்டா எப்படி கண்டுபிடிக்கறது? வெள்ளக்கழிச்சலும் இப்படித்தானே இருக்கும்?

பாத்தா தெரியாது, அதுதான் பிரச்சனையே. திடீர்னு தீவனமும் தண்ணியும் எடுக்கறது கொறையும், ஷெட்டு வழக்கத்த விட அமைதியா இருக்கும், முட்டை சடார்னு எறங்கும், தோல்முட்டை வரும். கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பூத்துப்போகும், கால்ல செதில் மேல ரத்தத் திட்டு, கழுத்து முறுக்கும். சில சமயம் இது எதுவுமே இல்லாம நேத்து தீனி தின்ன கோழி இன்னிக்கு காலையில செத்து கெடக்கும். கழுத்து முறுக்கறதும் கழிச்சலும் ராணிகெட்லயும் இருக்கறதால, அது வெள்ளக்கழிச்சல்தான்னு செத்தத வாய்க்கால்ல வீசிட்டு மிச்சத்த அவசர அவசரமா வித்துடறாங்க. நோய் பரவறதுக்கு இந்த அவசர விற்பனைய விட சுலபமான வழி கெடையாது. சாம்பிள் எடுத்து பிசிஆர் பண்ணாதான் எதுன்னு தெரியும்.

நல்லா இருக்கற கோழியையும் சேத்து ஏன் கொல்றாங்க?

கொடுமைதான், ஆனா நல்லா இருக்குன்னு நம்ம சொல்ற கோழி நாளைக்கே வைரஸ கோடிக்கணக்குல வெளிய விடும். நம்ம நாட்டு விதிப்படி நோய் உறுதியான எடத்துலேர்ந்து 1 கிலோமீட்டர் சுத்தளவுல இருக்கறத அழிச்சு குழியில சுண்ணாம்பு போட்டு பொதைப்பாங்க, இல்லாட்டி எரிப்பாங்க, 10 கிலோமீட்டர் வரைக்கும் கண்காணிப்பு. அந்த வேலை செய்யறவங்களுக்கு கவச உடை உண்டு, முன்கூட்டியே ஓசல்டமிவிர்ங்கற ஃப்ளூ மாத்திரை உண்டு, அப்புறம் 10 நாள் காய்ச்சல் வருதான்னு பாப்பாங்க.

நஷ்டஈடு மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி போட்டு குடுக்கறாங்க. என் கருத்து என்னன்னா மொத்த ஏற்பாடும் இந்தக் காசுலதான் நிக்குது, சந்தை வெலைக்குப் பக்கத்துல காசு சீக்கிரம் கைக்கு வரும்னா விவசாயி தானே போன் பண்ணுவார், இல்லன்னா வங்காளத்துல நடந்ததுதான் எல்லா ஊர்லயும் நடக்கும்.

தடுப்பூசி போட்டுட்டா இவ்ளோவும் தேவையில்லையே?

போடற நாடுங்க இருக்கு. சீனா, வியட்நாம், எகிப்து ரொம்ப வருசமா போடுது, பிரான்ஸ் 2023 அக்டோபர்லேர்ந்து வாத்துக்கு போட ஆரம்பிச்சுது. போடாத நாடுங்க சொல்ற காரணம் என்னன்னா, ஊசி போட்ட கோழி சாகாது, ஆனா வைரஸ் லேசா பெருகி வெளிய வரலாம், செத்தா தெரியும், சாகலன்னா எப்படி தெரியும், சத்தமில்லாம சுத்தும். அதுவும் இல்லாம ஊசி போட்ட கோழிய வாங்க பல நாடுங்க யோசிக்கும். எச்5க்கு இந்தியா இதுவரைக்கும் ஊசி வழக்கத்துக்கு கொண்டு வரல, அழிக்கற வழிதான். ஊசி போட்டா மட்டும் போதாது, விடாம சோதனையும் பண்ணணும், வைரஸ் மாற மாற ஊசியையும் மாத்தணும், அந்த செலவத்தான் யாரும் பேசறதில்ல.

மனுசங்கள்ல இதுவரைக்கும் எத்தன பேருக்கு வந்திருக்கு?

எச்5என்1 மட்டும், 2003லேர்ந்து உலக சுகாதார நிறுவனத்துக்கு வந்த கணக்குல 900 பேருக்கு மேல, அதுல பாதிக்குப் பக்கம் இறந்துட்டாங்க. எகிப்து, இந்தோனேசியா, வியட்நாம், கம்போடியா இந்த நாலு நாட்டுலதான் பெரும்பகுதி, அநேகமா எல்லாமே வீட்டுல சீக்கு வந்த கோழிய அறுத்தவங்க, செத்தத கையால எடுத்தவங்க, கோழிகூட வெளையாடின கொழந்தைங்க.

பாதிப்பேர்ங்கறத அப்படியே எடுத்துக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு போற அளவுக்கு மோசமானவங்கதான் அந்தக் கணக்குல வர்றாங்க, லேசா வந்து போனவங்கள யாரும் சோதிக்கல. ஆனா கொறச்சும் எடை போடாதீங்க, சாதாரண ஃப்ளூகூட வச்சுப் பாத்தா இது பல மடங்கு கொடூரம்.

எச்7என்9னு ஒண்ணு சொல்லுவாங்களே?

அது இன்னொரு தினுசு. 2013ல ஷாங்காய் பக்கம் ஆரம்பிச்சுது. எச்5என்1ல கோழி சாகறதப் பாத்து உஷாராகலாம், இதுல கோழி ஜம்முனு இருக்கும், வாங்கிட்டுப் போனவர் ஐசியூவுல கெடப்பார். மொத்தம் 1568 பேருக்கு வந்து 616 பேர் இறந்தாங்க. உயிர்க்கோழி மார்க்கெட்ட மூடினதும் அந்தந்த ஊர்ல கேஸ் படக்குனு எறங்குச்சு. 2017ல அதுவும் கோழிய கொல்ற வகையா மாறுச்சு, அந்த செப்டம்பர்லேர்ந்து சீனா கோழிக்கெல்லாம் எச்5, எச்7 சேத்து ஊசி போட்டுச்சு, அதுக்கப்புறம் மனுச கேஸ் அநேகமா இல்லாமலே போயிடுச்சு.

அப்போ இதுதான் அடுத்த கொரோனாவா?

இதுவரைக்கும் மனுசன்கிட்டேர்ந்து மனுசனுக்கு சங்கிலியா பரவல. ஒரே குடும்பத்துக்குள்ள தாவினது உண்டு, தாய்லாந்துல 2004ல சீக்கு வந்த மகள பாத்துக்கிட்ட அம்மாவுக்கு வந்துச்சு, 2006ல இந்தோனேசியாவுல சுமத்ராவுல ஒரே குடும்பத்துல பல பேர் இறந்தாங்க. ஆனா அங்கயே நின்னுபோச்சு.

ஏன் நிக்குதுன்னா, பறவை வைரஸ் ஒட்டற சர்க்கரை அமைப்பு வேற, நம்ம மூக்கு தொண்டையில நெறைய இருக்கறது வேற. பறவை வைரஸ் ஒட்டற மாதிரியானது நமக்கு நுரையீரலோட அடியிலயும் கண்ணுலயும் இருக்கு. அதனாலதான் அவ்ளோ சுலபமா வராது, அடியில போய் உக்காந்துட்டா நிமோனியா பயங்கரமா வரும், ஆனா இருமினா அடுத்தவனுக்கு அவ்வளவா போகாது. 2003ல நெதர்லாந்துல எச்7என்7 வந்தப்ப 89 பேருக்கு தொத்துச்சு, பெரும்பாலும் கண்ணு செவந்து போனதோட சரி, ஒரு கால்நடை மருத்துவர் மட்டும் இறந்துட்டார்.

இது போக சூடு ஒரு தடை. பறவை உடம்பு 41 டிகிரி பக்கம் இருக்கும், நம்ம மூக்கு 33 டிகிரிதான், அந்தக் குளிர்ச்சியில பறவை வைரஸோட நகலெடுக்கற இயந்திரம் சரியா ஓடாது. பிபி2ங்கற புரதத்துல 627வது எடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினா ஓட ஆரம்பிச்சிடும். பாலூட்டிகிட்ட போய் பெருகும்போது இந்த மாற்றம் அடிக்கடி வருது. ஆக சில தடைங்கள ஒவ்வொண்ணா தனித்தனியா தாண்டறத பாத்திருக்கோம், எல்லாத்தையும் ஒரே வைரஸ் ஒண்ணா தாண்டி இன்னும் பாக்கல.

இத லேப்ல உருவாக்கினாங்கன்னு சொல்றாங்களே?

பரவிட்டு இருக்கற வைரஸோட வம்சாவளி 1996லேர்ந்து வருசா வருசம் மரபணு படிச்சு வச்சிருக்காங்க, எங்க எது மாறுச்சுன்னு வரிசையா தெரியும், அதுல லேபுக்கு எடமே இல்ல. இந்தப் பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 2011ல நெதர்லாந்துல ரான் ஃபூஷியர் குழுவும் அமெரிக்காவுல யோஷிஹிரோ கவாவோக்கா குழுவும் எச்5 வைரஸ மாத்தி ஃபெரட்ங்கற கீரி மாதிரி பிராணிங்களுக்குள்ள காத்து வழியா பரவ வச்சுக் காட்டினாங்க, சில மாற்றங்களே போதும்னு. அத வெளியிடலாமா கூடாதான்னு பெரிய ரகளை, ஆராய்ச்சியவே ஒரு வருசத்துக்கு நிறுத்தி வச்சாங்க. எந்த மாற்றத்தப் பாத்து பயப்படணும்னு அதுல தெரிஞ்சது உண்மை, அதே சமயம் அந்த அளவு ஆபத்து எடுத்து செய்யத்தான் வேணுமான்னு இன்னிக்கும் சண்டை ஓயல, ரெண்டு பக்கமும் ஞாயம் இருக்கு.

மாட்டுக்கு வந்துச்சுன்னாங்களே, அது எப்படி?

யாருமே எதிர்பாக்காதது அது. 2024 ஆரம்பத்துல டெக்சாஸ்ல பால் பண்ணைங்கள்ல மாடுங்க தீனி எடுக்கல, பால் கொறஞ்சுது, வந்த பாலும் சீம்பால் மாதிரி கெட்டியா மஞ்சளா வந்துச்சு. டாக்டருங்களுக்கு என்னன்னே புரியல. அதே பண்ணையில பச்சைப் பால குடிச்ச பூனைங்க ஒண்ணு ஒண்ணா கண்ணு தெரியாம, நடக்க முடியாம செத்துச்சு, அதுலதான் சந்தேகமே வந்துச்சு. மார்ச் 25ஆம் தேதி எச்5என்1னு உறுதியாச்சு. மாட்டு மடியில பறவை வகை, மனுச வகை ரெண்டு மாதிரியான ஒட்டற அமைப்பும் இருக்குன்னு அப்புறம் கண்டுபிடிச்சாங்க. ஒரு மாட்டுகிட்டேர்ந்து எடுத்த பால் கறக்கற மெஷின் கப்ப அடுத்த மாட்டுக்கு மாட்டறாங்க இல்லையா, அந்த வழியாவும், மாட்ட லாரியில ஒரு மாநிலத்துலேர்ந்து இன்னொரு மாநிலத்துக்கு ஏத்திட்டுப் போன வழியாவும் 1000 பண்ணைக்கு மேல போயிடுச்சு, கலிஃபோர்னியாதான் அதிகம். வாத்து றெக்கைய குத்தம் சொல்ல முடியாது, இதுவும் மனுசன் பண்ண போக்குவரத்துதான்.

அமெரிக்காவுல 2024லயும் 2025 ஆரம்பத்துலயும் 70 பேருக்கு வந்துச்சு, நெறைய பேர் பால் பண்ணை, கோழிப் பண்ணை தொழிலாளிங்க, பெரும்பாலும் கண்ணு செவப்போட போச்சு. 2025 ஜனவரியில லூசியானாவுல ஒருத்தர் இறந்தார், அவருக்கு வீட்டுக் கோழிங்ககூடவும் காட்டுப் பறவைங்ககூடவும் தொடர்பு இருந்துச்சு. முட்டை வெலை அங்க டஜன் 6 டாலர தாண்டுச்சே, அதுவும் இதனாலதான்.

பால் குடிக்கலாமா அப்ப?

காய்ச்சின பாலுக்கும் பதப்படுத்தின பாக்கெட் பாலுக்கும் பிரச்சனையே இல்ல. நம்ம வீட்ல பால காய்ச்சாம யார் குடிக்கறாங்க. பச்சைப் பால் ஒடம்புக்கு நல்லதுன்னு யூடியூப்ல சொல்றவங்கள மட்டும் நம்பிடாதீங்க.

வேற எந்தெந்த பிராணிக்கு வந்திருக்கு?

பட்டியல் நீளம். பெரு, சிலி கடற்கரையில ஆயிரக்கணக்குல கடல்சிங்கம். அர்ஜென்டினாவுல வால்டெஸ் தீபகற்பத்துல 2023ல ஒரே சீசன்ல 17,000க்கு மேல யானைச்சீல் குட்டிங்க, அந்த வருசம் பொறந்ததுல அநேகமா மொத்தமும். ஸ்பெயின்ல மிங்க்ங்கற, ரோமத்துக்காக வளக்கற கீரி மாதிரி பிராணிப் பண்ணை, பின்லாந்துல நரிப் பண்ணை. நம்ம நாட்டுல நாக்பூர் கோரேவாடா விலங்கு மீட்பு மையத்துல 2024 கடைசியில 3 புலியும் ஒரு சிறுத்தையும். பாலூட்டிகிட்ட பாலூட்டி பரவ ஆரம்பிச்சதுதான் இந்த வைரஸ பாக்கறவங்களுக்கு தூக்கம் கெடுத்த விஷயம்.

சின்னவங்களுக்கு ஆபத்தா, பெரியவங்களுக்கா?

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மொத மொதல்ல சின்ன வயசுல நமக்கு எந்த ஃப்ளூ வந்துச்சோ அத உடம்பு ஆயுசுக்கும் ஞாபகம் வச்சுக்கும். 1968க்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு எச்1, எச்2 வந்திருக்கும், எச்5 அந்த சொந்தக்கார கூட்டம், அதனால அவங்களுக்கு எச்5என்1ல ஓரளவு பாதுகாப்பு. 1968க்கு அப்புறம் பொறந்தவங்க நெறைய பேருக்கு எச்3 மொதல்ல வந்திருக்கும், அவங்களுக்கு எச்7என்9ல பாதுகாப்பு. அதனாலதான் எச்5என்1 சின்னவங்களையும் எச்7என்9 தாத்தாக்களையும் அதிகமா புடிச்சுது.

மருந்து இருக்கா?

ஓசல்டமிவிர், டாமிஃப்ளூன்னு சொல்லுவாங்க. ரெண்டு நாளுக்குள்ள ஆரம்பிச்சா நல்லா கேக்கும், லேட்டானாலும் குடுப்பாங்க. முக்கியமா டாக்டர்கிட்ட போகும்போது கோழி பக்கம் போனேன், செத்த பறவைய தொட்டேன்னு நீங்களே சொல்லணும், அவர் கேக்கமாட்டார். வருசா வருசம் போடற ஃப்ளூ ஊசி இதுக்கு வேலை செய்யாது, ஆனா ஒரே ஆளுக்கு ரெண்டு ஃப்ளூவும் ஒரே நேரத்துல வந்து உள்ள கலந்துடாம இருக்க பண்ணைத் தொழிலாளிங்களுக்கு அத போடச் சொல்றாங்க.

வீட்டுல நாலு நாட்டுக்கோழி இருக்கு, வித்துடணுமா?

வேணாம். கொளத்துல வந்து எறங்கற பறவைகூடவும் மேய்ச்சல் வாத்துகூடவும் சேராம பாத்துக்கோங்க, தீனியும் தண்ணியும் கூரைக்கு அடியில வைங்க, காக்கா வந்து கொத்தாத மாதிரி. சந்தையில வாங்கின புதுக் கோழிய ரெண்டு வாரம் தனியா வச்சுட்டு அப்புறம் சேருங்க. கூண்டுக்குள்ள போக ஒரு செருப்ப தனியா வச்சுக்கோங்க, வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, சோப்புக்கு இந்த வைரஸ் தாங்காது. சீக்கு வந்துட்டா, சாகறதுக்குள்ள அறுத்து கொழம்பு வச்சுடலாம்ங்கற அந்த ஒரு பழக்கத்த மட்டும் விட்டுடுங்க, கம்போடியாவுல போன உயிருங்கள்ல நெறைய அப்படி போனதுதான்.

தெருவுல நாலஞ்சு காக்கா செத்து கெடக்கு, என்ன பண்ணணும்?

ஒண்ணு செத்து கெடந்தா கரண்டு கம்பியா இருக்கும். ஒரே எடத்துல பல காக்கா கெடந்தா கையால எடுக்காதீங்க, நாயி பூனை இழுத்துட்டுப் போகாம பாத்துக்கிட்டு பக்கத்து கால்நடை மருத்துவமனைக்கோ கால்நடை பராமரிப்புத் துறைக்கோ போன் பண்ணுங்க, சாம்பிள் எடுக்க அவங்க வருவாங்க. யாரும் வர்றதுக்கு முன்னாடி எடுத்தே ஆகணும்னா மாஸ்க் போட்டு, பிளாஸ்டிக் கவர கையில மாட்டி எடுத்து, அத அப்படியே உள்பக்கம் திருப்பி இன்னொரு கவர்ல போட்டு கட்டி வைங்க.